ஆட்டோஇம்யூன் கல்லீரல் நோயோடு பத்து நாள் இயற்கை மருத்துவ மையத்தில்

திண்டுக்கல்லிலிருந்து பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். மலையடிவாரத்தில், தென்னந்தோப்புக்கு நடுவே இருக்கும் ஒரு இயற்கை மருத்துவ, யோகா மையத்தில் போன தை மாதம் பத்து நாள் தங்கி வந்தேன். இரண்டு பேர் தங்கும் அறை, சாப்பாடு, சிகிச்சை எல்லாம் சேர்த்து 18,500 ரூபாய். மையத்தின் பெயரை எழுதவில்லை. குறைகளை நிர்வாகத்திடமே எழுத்தில் கொடுத்துவிட்டேன். இதே மாதிரி இடங்கள் நம் பக்கம் நிறைய வந்துவிட்டன. என்னைப் போன்ற நோயாளி எங்கே போனாலும் இதே கேள்விகள்தான் எழும் என்பதால் எழுதுகிறேன்.

எனக்கு 47 வயது. தபால் நிலையத்தில் கவுண்டர் வேலை. 2019 ஆடி மாதம், பாஸ்புக்கில் வரவு வைக்க வந்த ஒரு பாட்டி என் முகத்தையே பார்த்துவிட்டு, "கண்ணு மஞ்சப் பூத்துருக்கே தாயி" என்றார். அதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே கை காலெல்லாம் அசதி, சோற்றைக் கண்டால் குமட்டல். வேலைப்பளு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மஞ்சள் காமாலை என்றதும் நம் வீடுகளில் நடப்பதுதான் எங்கள் வீட்டிலும் நடந்தது. அம்மா கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கி மூன்று வாரம் கொடுத்தார். மஞ்சள் இறங்கவில்லை. மதுரையில் போய்ப் பார்த்தபோது கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. 840. எனக்குப் பரிசோதித்த லேபில் 40-க்குள் இருக்க வேண்டியது அது. பரிசோதனைகளில் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் வைரஸ்கள் ஏ, பி, சி, இ எதுவும் இல்லை. ரத்தத்தில் ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்புப் புரதம் மட்டும் 2,700-க்கு ஏறியிருந்தது. விலாவில் ஊசி போட்டுக் கல்லீரலிலிருந்து நூல் போல ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்தபின்தான் டாக்டர் பெயரைச் சொன்னார்: ஆட்டோஇம்யூன் ஹெபடைட்டிஸ்.

"வேலியே பயிரை மேயற கதைம்மா" என்றார். நோய்க்கிருமியிடமிருந்து காப்பாற்ற வேண்டிய நம் எதிர்ப்புச் சக்தியே கல்லீரலை அந்நியன் என்று நினைத்துத் தாக்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறதாம். குடிப்பழக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் கல்லீரல் நோய் என்றதும் என் கணவரைப் பார்த்துத்தான் உறவுக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள், ஏதோ அவரால்தான் வந்தது என்பது போல. அவர் டீயைத் தவிர எதுவும் தொடாதவர்.

பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை 40 மில்லிகிராமில் ஆரம்பித்து மெல்ல மெல்லக் குறைத்தார்கள். கூடவே எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசாதயோபிரின். அதைத் தொடங்குவதற்கு முன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா என்று ஒரு ரத்தப் பரிசோதனை, தொடங்கியபின் வெள்ளையணு குறைகிறதா என்று வாராவாரம் ரத்தம் எடுத்தார்கள். கல்லீரல் சீக்கிரமே அடங்கிவிட்டது. ஆனால் ஸ்டீராய்டால் மூன்று மாதத்தில் முகம் பூரித்து உருண்டையானது, 58 கிலோ 71 ஆனது, இரவு இரண்டு மணிக்குக் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு கிடந்தேன். 2021-ல் தெரிந்தவர் ஒருவர் "ரெண்டு வருஷம் மாத்திரை போட்டாச்சு, இன்னும் எதுக்கு?" என்றார். டாக்டரிடம் சொல்லாமல் நிறுத்தினேன். பதினோரு வாரத்தில் எஸ்.ஜி.பி.டி. 410. இந்த நோயில் மருந்தை நிறுத்தினால் திரும்பி வருவதே பெரும்பாலும் நடப்பது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மறுபடியும் 40-லிருந்து ஆரம்பித்தோம். இப்போது பிரெட்னிசலோன் 5, அசாதயோபிரின் 75. ரத்தம் இரண்டு வருடமாகச் சரியாக இருக்கிறது.

அப்படியென்றால் இயற்கை மருத்துவம் எதற்கு என்று என் டாக்டரே கேட்டார். ரத்தம் சரியாக இருந்தாலும் நான் சரியாக இல்லை. தூக்கம் இல்லை, உடம்பு கனம், எலும்பு அடர்த்திப் பரிசோதனையில் முதுகெலும்பு மைனஸ் 1.9, அதாவது எலும்பு மெலிய ஆரம்பித்திருக்கிறது. மாத்திரை செய்கிற வேலையை மாத்திரை செய்யட்டும், மிச்ச உடம்பை நான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. நாத்தனார் தன் மூட்டுவலிக்குப் போய் வந்த இடம் இது. டாக்டர் ஒரு வெள்ளைத்தாளில் மூன்று வரி எழுதிக் கொடுத்தார். மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. கஷாயம், சூரணம், லேகியம் எதுவும் கூடாது. பட்டினி கூடாது. அந்தத் தாளை மடித்து மாத்திரை டப்பாவுக்குள் வைத்துக்கொண்டு போனேன்.

சேர்க்கைப் படிவத்தில் சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, மாதவிடாய் ஒழுங்கா, மலச்சிக்கல் உண்டா என்று இரண்டு பக்கம் கேள்வி. என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒரே ஒரு கோடு விட்டிருந்தார்கள். நான் எழுதியது அந்தக் கோட்டில் அடங்கவில்லை, ஓரத்தில் எழுதினேன். அந்த ஓரத்தை யாரும் படிக்கவில்லை என்பது மூன்றாம் நாள்தான் எனக்குத் தெரிந்தது.

நல்லதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அது நிறைய இருந்தது.

காலை ஐந்தரைக்கு மணி. ஆறு மணிக்கு யோகா. யோகா சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. முதல் நாளே ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு என்ன நோய், என்ன ஆபரேஷன் என்று கேட்டுக் குறித்துக்கொண்டது அவர் ஒருவர்தான். எலும்பு அடர்த்தி குறைவு என்றதும் முன்னால் குனிந்து காலைத் தொடும் ஆசனங்களை எனக்கு எடுத்துவிட்டார். எலும்பு மெலிந்த முதுகை அப்படி மடக்கக் கூடாதாம். அதற்குப் பதில் சுவரில் கை வைத்து நிற்பது, ஒற்றைக் காலில் விருட்சாசனம், நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. "எலும்புக்கு எடை தாங்குற வேலை குடுக்கணும்க்கா" என்பார். மாலையில் படுத்தபடியே உடம்பைத் தளர்த்தும் யோகநித்திரை. முதல் இரண்டு நாள் கண்ணை மூடினால் கவுண்டரில் நிற்கிற வரிசைதான் தெரிந்தது. நான்காம் நாள் இரவு ஒன்பதரைக்குப் படுத்தவள் மணிச் சத்தத்துக்குத்தான் எழுந்தேன். 2019-க்குப் பிறகு அப்படித் தூங்கியதே இல்லை. எழுந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

ஈர மண் பட்டியைப் பற்றிப் பலர் கேட்டார்கள். கரையான் புற்று மண்ணைச் சலித்து, வெயிலில் காயவைத்து, முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறப்போட்டு வைக்கிறார்கள். காலையில் அதைத் துணியில் செங்கல் கனத்துக்குப் பரப்பி மடித்து, அடிவயிற்றில் ஒன்று, கண்ணுக்கு ஒன்று வைப்பார்கள். வைத்த நொடியில் மூச்சு ஒரு முறை நின்று வரும், அவ்வளவு குளிர்ச்சி. பிறகு மெல்ல உடம்புச் சூடு மண்ணுக்குள் இறங்கும். இருபது நிமிடம். காந்தி இந்த மண் பட்டியை விடாமல் வைத்துக்கொண்டவர், 1946-ல் புனே பக்கத்து உருளி காஞ்சனில் இயற்கை மருத்துவ ஆசிரமம் தொடங்கியவர் என்று சுவரில் படத்தோடு எழுதியிருந்தார்கள். இது கல்லீரலைக் குணப்படுத்தும் என்று நான் நம்பவில்லை. என் வயிற்றை ஊசியும் ஸ்கேனும் தவிர வேறு எதுவும் தொட்டு ஐந்து வருடமாகியிருந்தது. ஈர மண் பட்டபோது அது நோய் இருக்கிற இடமாகத் தெரியாமல் வெறும் வயிறாகத் தெரிந்தது. எனக்கு அது போதும்.

சாப்பாடுதான் இந்த இடத்தின் உயிர். உப்பு, எண்ணெய், சர்க்கரை கிடையாது. காலையில் சாம்பல் பூசணிச் சாறு, பதினொரு மணிக்குப் பழம், மதியம் சிவப்பரிசியோ கம்போ இரண்டு காய்களோடு, மாலை ஆறரைக்கே இரவுச் சாப்பாடு. ஸ்டீராய்டு போடுகிறவர்கள் உப்பைக் குறைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அது உடம்பில் உப்பையும் தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும், கால் வீங்கும், ரத்த அழுத்தம் ஏறும். ஆனால் உப்பில்லாமல் எப்படிச் சமைப்பது என்று எந்த மருத்துவமனையிலும் யாரும் சொல்லித் தந்ததில்லை. இங்கே சமையல் அக்காவிடம் கேட்டேன். ஐந்தாம் நாள் அடுப்படிக்கே கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்க வைத்தார். புடலங்காயைப் பொடியாக நறுக்கி, அரைப்பதம் வெந்த பாசிப்பருப்போடு மண்சட்டியில் போட்டு மூடினார். தண்ணீர் விடவில்லை, காயின் தண்ணீரே போதும் என்றார். வறுத்து நுணுக்கிய சீரகமும் மிளகும் சேர்த்தார், பிறகு தேங்காய்ப்பூ. அடுப்பை அணைத்து, ஆவி கொஞ்சம் அடங்கியபின் எலுமிச்சம்பழம் பிழிந்தார். "உப்பத் தேடுற நாக்குக்குப் புளிப்பக் காட்டணும் தாயி, ஏமாந்து போயிரும்" என்றார். வீட்டுக்கு வந்தபின் வாரத்தில் நான்கு நாளாவது அப்படித்தான் சமைக்கிறேன். மகனுக்கு மட்டும் தட்டில் உப்பு தனியாக.

இதே சாப்பாட்டில் ஒன்றை மட்டும் மாற்றச் சொன்னேன். முளைகட்டிய பச்சைப்பயறு, கொண்டைக்கடலை எல்லாம் பச்சையாகவே வரும். முளைப்பயறு கட்டும் ஈரச் சூட்டில் கிருமியும் சேர்ந்தே வளரும். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை சாப்பிடுகிற எனக்கு அது ஆகாது. ஆவியில் ஐந்து நிமிடம் வேகவைத்துத் தரச் சொன்னேன், ஒரு நாளும் மறக்காமல் தனிக் கிண்ணத்தில் வந்தது. காபி பத்து நாளும் இல்லை. இரண்டாம் நாள் தலைவலி மண்டையைப் பிளந்தது. காபி கல்லீரலுக்கு விஷம் என்று வகுப்பில் சொன்னார்கள், அது சரியில்லை. காபி குடிக்கிறவர்களுக்குக் கல்லீரல் தழும்பாவது குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. என் டாக்டரும் தினம் இரண்டு டம்ளர் குடிக்கச் சொல்லியிருக்கிறார். ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாக டிகாக்ஷன் போட்டேன்.

இனி குறை.

இரண்டாம் நாள் காலையிலிருந்து சாம்பல் பூசணிச் சாற்றுக்கு முன்னால் ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரில் கறுப்பாக எதையோ கொடுத்தார்கள். கசப்பு. எல்லோரும் மடமடவென்று குடித்தார்கள், நானும் குடித்தேன். மூலிகை டீ என்று நினைத்தேன். மூன்றாம் நாள் அந்த வாசனை மூக்கில் ஏறியபோது சந்தேகம் வந்தது. ஊற்றிக் கொடுத்த அக்காவிடம் கேட்டேன். "சீந்தில், நிலவேம்பு, அமுக்கரா. கொரோனாவுலேருந்து எல்லாருக்கும் குடுக்குறோம்மா, எதிர்ப்புச் சக்திக்கு" என்றார். கை நடுங்கியது. டம்ளரை அப்படியே கீழே வைத்தேன்.

ஏன் பயந்தேன் என்று சொல்ல வேண்டும். கொரோனா காலத்தில் ஊரெல்லாம் சீந்தில் குடித்தார்கள். கபசுரக் குடிநீரின் 15 சரக்குகளில் சீந்தில் தண்டும் ஒன்று. 2021-ல் மும்பை மருத்துவர்கள், சீந்தில் குடித்தபின் கல்லீரல் பாதிக்கப்பட்ட 6 பேரைப் பற்றி எழுதினார்கள். அடுத்த வருடம் இந்தியாவின் பல ஊர் மருத்துவமனைகள் சேர்ந்து 43 பேரைப் பற்றி எழுதின. அவர்களில் பலருக்குக் காணப்பட்டது ஆட்டோஇம்யூன் ஹெபடைட்டிஸ் போன்ற பாதிப்பு. ஆயுஷ் அமைச்சகம் இதை ஏற்கவில்லை, சீந்தில் பாதுகாப்பானது என்றே சொன்னது. சித்த மருத்துவத்தை நான் குறை சொல்லவில்லை, அதில் வளர்ந்தவள் நான். ஆரோக்கியமான ஒருவர் குடிப்பதைப் பற்றியும் பேசவில்லை. எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுவதற்கென்று கொடுக்கும் ஒரு பொருளை, எதிர்ப்புச் சக்தியாலேயே கல்லீரல் வெந்துபோன என்னிடம் நீட்டக் கூடாது. மேய்கிற வேலிக்கு எரு போடுவார்களா?

அன்று மதியமே மதுரைக்கு போன் செய்தேன். குடிப்பதை நிறுத்துங்கள், மஞ்சள் தெரிகிறதா, சிறுநீர் கறுக்கிறதா என்று பாருங்கள், திரும்பியதும் ரத்தம் கொடுங்கள் என்றார் டாக்டர். பிறகு மையத்தின் டாக்டரம்மாவிடம் போனேன். ஐந்தரை வருடம் இயற்கை மருத்துவமும் யோகாவும் படித்துப் பட்டம் வாங்கியவர். "இயற்கை மருத்துவத்துல மருந்தே கிடையாதுன்னு நேத்து வகுப்புல சொன்னீங்களே டாக்டர், அப்புறம் இந்தக் கஷாயம் எப்படி?" என்று கேட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. அது தன் மருத்துவத்தில் சேர்ந்தது இல்லை, நிர்வாகம் சேர்த்தது என்றார். என் படிவத்தை எடுத்து அந்த ஓரத்தில் இருந்ததை அப்போதுதான் முதல் தடவையாகப் படித்தார். மன்னிப்புக் கேட்டார். அந்த நிமிடத்திலிருந்து என் சிகிச்சை அட்டையில் சிவப்பு மையில் "மூலிகை இல்லை, உபவாசம் இல்லை" என்று எழுதினார்.

அவர் சிவப்பு மையில் எழுதியும் ஆறாம் நாள் இன்னொன்று நடந்தது. அன்று எல்லோருக்கும் உபவாசம், எலுமிச்சைத் தேன் தண்ணீர் மட்டும். எனக்குக் கஞ்சி வந்தது. சிகிச்சை அறையில் இருந்த ஒருவர் என் மாத்திரை டப்பாவைப் பார்த்து, "உடம்பு சுத்தமாகுற நேரம்மா, நாலு நாள் இதை நிறுத்தித்தான் பாருங்களேன்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், அதுதான் ஆபத்து. வருடக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்கு உடம்பு தானாகச் சுரக்க வேண்டியது அடங்கிக் கிடக்கும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து மயங்கிக்கூடப் போகலாம். நோய் திரும்புவது அதற்கப்புறம். 2021-ல் நான் ஏமாந்ததும் இதே மாதிரி ஒரு அன்பான வார்த்தைக்குத்தான். அவரிடம் அதைச் சொன்னேன். அமைதியாகக் கேட்டுக்கொண்டார்.

வாழை இலைக் குளியலும் இங்கே பெயர் போனது. நடு நரம்பு நீக்கிய முழு இலைகளைப் பாயில் விரித்து, நம்மைப் படுக்க வைத்துச் சுற்றி, வாழை நாரால் மூன்று இடத்தில் கட்டுவார்கள். மூக்குக்கு மட்டும் ஒரு கிழிசல். அப்படியே வெயிலில் இருபது நிமிடம். வெளியே வரும்போது இலையில் வியர்வை ஓடையாக வழியும். பக்கத்தில் படுத்தவர்கள் எல்லாம் சிறு பிள்ளைகள் போலச் சிரித்துக்கொண்டே எழுந்தார்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் அசாதயோபிரின் சாப்பிடுகிறவர்களின் தோல் வெயிலைத் தாங்காது. வருடக்கணக்கில் சாப்பிட்டால் தோல் புற்றுநோய்க்கும் வாய்ப்புக் கூடும் என்பதால் வெயிலில் கிடக்கக் கூடாது. சூரியக் குளியலுக்கும் இதே பதில்தான். டாக்டரம்மா எனக்கு மட்டும் வேப்பமர நிழலில் கட்டச் சொன்னார். வியர்வை அவ்வளவு வரவில்லை. பச்சை இலையின் ஈர வாசனையும் மேலே வேப்பங்காற்றும் கிடைத்தது. எனிமாவை முதல் நாளே வேண்டாம் என்றேன், யாரும் வற்புறுத்தவில்லை.

அறையில் என்னோடு தேனிப் பக்கத்து அம்மா ஒருவர் இருந்தார், எழுபது வயது, சர்க்கரைக்காக வந்தவர். தன் மாத்திரையை மறப்பார், என்னுடையதை மறக்க மாட்டார். இரவு எட்டானால், "தாயி, போட்டுட்டியா?" ஒரு நாள் அவர் கீழாநெல்லியைப் பற்றிக் கேட்டார், எல்லோரும் கேட்பது போல. 1988-ல் சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழு, ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற பிளம்பர்க்கோடு சேர்ந்து கீழாநெல்லியை ஆராய்ந்து லான்செட் மருத்துவ இதழில் எழுதியதை அவருக்குச் சொன்னேன். அது ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடம்பில் தங்கிவிட்டவர்களுக்காகச் செய்த ஆய்வு. பின்னால் வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அதே பலன் வரவில்லை. எனக்கோ வைரஸே இல்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப ஒனக்கு வந்தது மஞ்சக்காமாலையே இல்ல, அது வேற என்னமோ" என்றார். ஐந்து வருடமாக என் சொந்தக்காரர்களுக்கு நான் புரியவைக்க முயன்றது அது ஒன்றைத்தான்.

பத்து நாளில் 2.3 கிலோ குறைந்தது. கணுக்கால் வீக்கம் வடிந்தது. திரும்பி வந்து எடுத்த ரத்தத்தில் எஸ்.ஜி.பி.டி. 64. போவதற்கு முன் 31. கஷாயத்தாலா, அலைச்சலாலா, வேறு எதனாலா என்று சொல்ல முடியாது, மருந்தை மாற்றாமல் ஒரு மாதம் பொறுப்போம் என்றார் டாக்டர். அந்த ஒரு மாதமும் காலையில் கண்ணாடியில் கண்ணைத்தான் முதலில் பார்த்தேன். அடுத்த பரிசோதனையில் 35.

எனவே போகலாமா என்று கேட்பவர்களுக்கு: சர்க்கரை, உடல் பருமன், தூக்கமின்மை, மூட்டுவலி உள்ளவர்கள் தாராளமாகப் போகலாம். ஆட்டோஇம்யூன் நோய் உள்ளவர்கள், கல்லீரலோ மூட்டோ லூபஸோ எதுவானாலும், ரத்தம் அடங்கியிருக்கும் காலத்தில் மட்டும் போங்கள். கல்லீரல் சுருங்கிவிட்டவர்கள், வயிற்றில் நீர் கட்டியவர்கள் பயணப்படவே வேண்டாம், உங்கள் டாக்டரிடம் உணவு நிபுணர் பெயரைக் கேளுங்கள். போகும்போது டாக்டரின் கடிதத்தில் இரண்டு நகல் எடுத்து ஒன்றை சிகிச்சை அறையிலும் ஒன்றை சமையலறையிலும் கொடுத்துவிடுங்கள். நான் ஒன்றை மட்டும் டப்பாவுக்குள் மடித்து வைத்திருந்தேன், அது என் தப்பு. வாய்க்குள் போகும் எதுவாக இருந்தாலும், துளி அளவானாலும், என்ன சேர்ந்திருக்கிறது என்று கேட்காமல் வாங்காதீர்கள். முகப்பில் இருக்கும் கடையில் சூரணம், மஞ்சள் மாத்திரை, அமுக்கராக் கிழங்குப் பொடி எல்லாம் அழகான டப்பாக்களில் இருக்கும். மஞ்சள் மாத்திரையாலும் அமுக்கராவாலும்கூடக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. குழம்பில் போடும் மஞ்சளுக்கும் அந்த மாத்திரைக்கும் அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

தை மாதம் அங்கே குளிர் நடுக்குகிறது. போர்வை ஒன்றுதான் தருகிறார்கள், கூட ஒன்று எடுத்துப் போங்கள். வெந்நீர் காலை ஏழு மணி வரைதான். மொட்டை மாடிக்குப் போனால்தான் போனில் சிக்னல். பேருந்து நிறுத்தத்திலிருந்து ஆட்டோவுக்கு 150 ரூபாய் கேட்டார்கள்.

நிர்வாகத்துக்குக் கொடுத்த கடிதத்துக்கு மூன்று வாரம் கழித்து டாக்டரம்மாவே போன் செய்தார். கஷாயத்தை நிறுத்தவில்லையாம், ஆனால் இனி கேட்பவர்களுக்கு மட்டும்தானாம். படிவத்தில் மாத்திரைகளுக்கென்று தனிப் பக்கம் சேர்த்திருக்கிறார்களாம். அடுத்த தைக்கு அறை வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். தேனி அம்மாவும் வருகிறார். இப்போதும் சில நாள் இரவு எட்டு மணிக்கு அவரிடமிருந்து போன் வரும், எடுத்ததும் முதல் கேள்வி அதுதான்.